மணிக்கு ஒன்றா, மூன்றா: ஃப்ரீலான்சர் கட்டணத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ஒரே வேலையை விவரித்து நான்கு ஃப்ரீலான்சர்களிடம் கொட்டேஷன் கேட்டால் நான்கு விதமான மணிக்கட்டணம் வரும். அதுவும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருக்காது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். எங்கள் ஆன்லைன் வகுப்புத் தளத்தின் கட்டணம் செலுத்தும் பகுதியை மாற்றி எழுத ஆள் தேடியபோது கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கேட்டதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் அடுத்தவர் கேட்டது மூன்று. மூன்று கேட்டவரைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் அவர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

கட்டணம் ஏன் மாறுகிறது என்பதில் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுபவம் கூடினால் விலை கூடும். வாழ்க்கைச் செலவு குறைவான இடத்தில் இருப்பவர் குறைவாகக் கேட்க முடியும். நாளைக்கே வேண்டும் என்றால் ஒரு விலை, ஆறு மாதத்துக்குத் தொடர்ந்து வேலை உண்டு என்றால் ஒரு விலை. ஆள் கிடைக்காத தொழில்நுட்பம் என்றால் அவர் சொன்னதுதான் விலை. சரி, மீதிப் பாதிக்கு வருவோம்.

வாரத்துக்கு 40 மணி என்று சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு வருடத்தில் 2,080 மணிக்குப் பணம் வருகிறது. விடுமுறையும் காய்ச்சலும் அதற்குள் அடக்கம். ஃப்ரீலான்சர் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். கொட்டேஷன் எழுதுவது, பில் அனுப்புவது, பில்லுக்குப் பணம் வராதபோது நினைவூட்டுவது, புதிதாக வந்த விஷயத்தைப் படிப்பது, இதற்கெல்லாம் எந்த கிளையன்ட்டும் பணம் தருவதில்லை. வருடத்தில் 1,100 மணிக்குத்தான் பில் போட முடிகிறது என்று வையுங்கள். அதே வருமானம் கைக்கு வர, சம்பளக்காரரின் மணிக்கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அவர் கேட்டாக வேண்டும். கம்ப்யூட்டர், மென்பொருள் சந்தா, காப்பீடு எல்லாம் அதற்கு மேல். “எங்க ஆபீஸ்ல இதே வேலைக்கு மணிக்கு இவ்வளவுதானே ஆகுது” என்று பேரம் பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஃப்ரீலான்சரையும் கிளையன்ட்டையும் சேர்த்துவைக்கும் இணையதளங்கள் எடுக்கும் கமிஷனையும் மறக்கக் கூடாது. ஃபைவர் என்ற தளத்தில் வேலை செய்து கொடுப்பவரின் வருமானத்தில் 20 சதவீதம் போய்விடும். அப்வொர்க் என்ற இன்னொரு தளம் 2023-ல் எல்லோருக்கும் 10 சதவீதம் என்று ஆக்கியது; 2025-ல் அதையும் மாற்றி, ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை என்றது. இது போக கிளையன்ட்டிடமும் தனியாக வாங்குகிறார்கள். ஆகவே தளத்தில் தெரியும் எண்ணையும் நேரடியாகப் பேசுபவர் சொல்லும் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அப்வொர்க்கில் வேலை செய்பவரின் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருந்தார் என்பது அதில் தெரியும், வேலை நகர்ந்ததா என்பது தெரியாது.

மணியை எப்படி எண்ணுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பைச் சிலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சிலர் கால் மணி என்பார்கள், சிலர் அரை மணி. மீட்டிங்குக்குப் பில் உண்டா, உங்கள் தளத்தின் பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் நேரம் யார் தலையில் என்பதெல்லாம் கட்டண எண்ணில் தெரியாது. குறைந்த கட்டணம் சொல்லிவிட்டு, எடுத்த நேரத்தையெல்லாம் கூட்டி எழுதுபவரும் உண்டு.

இதெல்லாம் பில்லைக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: வேலை முடிந்தது என்று சொன்ன பிறகு வரும் மணிகள்.

இருவருக்கும் ஒரே சிறிய வேலையைப் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். யாரை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வேலை இதுதான்: சில மாணவர்களிடம் ஒரே வகுப்புக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டுவிடுகிறது, அதைச் சரி செய்ய வேண்டும். முதலாமவர், அதாவது ஒன்று கேட்டவர், ஒருமுறை அழுத்தியதும் பட்டன் செயலிழந்துவிடும்படி செய்தார். எந்த வேலைக்கு எத்தனை மணி என்று எழுதும் டைம்ஷீட்டில் “பிழை திருத்தம்” என்று ஒரே வரி. சோதித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மூன்று கேட்ட இரண்டாமவர் வேலையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “பணம் பிடித்த பிறகு, பதில் வந்து சேருவதற்குள் நெட் போய்விட்டால் உங்கள் தளம் என்ன செய்கிறது?” என்னிடம் பதில் இல்லை. அவரே பார்த்து, ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணில் கோரிக்கை மறுபடி வந்தால் சர்வரே மறுக்கும்படி செய்தார். டைம்ஷீட்டில் எந்தக் கோப்பில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார், இன்னும் எது சோதிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்.

முதலாமவர் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் இரண்டு முறை அழுத்துபவர்களை அது தடுக்கும். ஆனால் பக்கம் பாதியில் நின்று, மாணவர் ரீஃப்ரெஷ் செய்தால் பட்டன் மறுபடி உயிர் பெற்றுவிடும். அந்தப் புகார் இரண்டு வாரம் கழித்து வரும், இரவில் வரும், எனக்குத்தான் வரும். நான் அதைப் படித்து, பணத்தைத் திருப்பி அனுப்பி, மன்னிப்புக் கேட்டு, நடந்ததை அவருக்கு விளக்கி, அவர் திருத்தியதை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அது இன்னொரு மணிக்கான பில். குறைந்த கட்டணம்தான், ஆனால் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒன்று கேட்பவருக்கு 60 மணி, மூன்று கேட்பவருக்கு 25 மணி ஆகிறது என்று கொள்வோம். செலவு 60-க்கு 75. இங்கேயே நிறுத்தினால் மலிவானவர்தான் ஜெயிக்கிறார். பிற்பாடு வரும் திருத்தங்களுக்கு முதலாமவர் 20 மணி, இரண்டாமவர் 2 மணி எடுத்தால் 80-க்கு 81. இப்போதும் மலிவானவருக்குத்தான் ஒரு நூல் லாபம்! இதில் உங்கள் சொந்த மணியைச் சேருங்கள். விளக்குவது, சோதிப்பது, புகாருக்குப் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து ஒருவருடன் 20 மணி, இன்னொருவருடன் 3 மணி. உங்கள் மணிக்கும் அதே ஒன்றுதான் மதிப்பு என்று குறைத்தே வைத்தாலும் 100-க்கு 84. நம் நேரம் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

இதே கணக்கில் வருவதுதான் கைமாற்றம். நாளைக்கு அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்குவார்? நிரல் யாருடைய கணக்கில் இருக்கிறது, கடவுச்சொற்கள் யார் கையில், ஏன் இப்படிச் செய்தார் என்ற குறிப்பு எங்கே என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தயக்கமில்லாமல் பதில் சொல்பவரின் கட்டணத்தை நான் அதிகம் என்று நினைப்பதில்லை.

அதற்காக, கூடுதல் கட்டணமே திறமைக்குச் சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை நிறைய வேலை இருப்பவர் உங்கள் வேலையைத் தட்டிக் கழிக்கவும் உயர்ந்த விலை சொல்வார். நிரலாளர்களின் திறமை வித்தியாசத்துக்கு 1968-ல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள். பிழை கண்டுபிடிக்கும் நேரத்தில் ஆளுக்கு ஆள் 28 மடங்கு வரை வித்தியாசம் என்றது அது. எல்லோரும் ஒரே சூழலில் வேலை செய்யவில்லை என்று காட்டி அந்த எண்ணைப் பிற்பாடு விமர்சித்தார்கள். வித்தியாசம் பெரியது என்பது வரைக்கும் சரி. ஆனால் அது விலைப்பட்டியலோடு ஒட்டிப் போகும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

மலிவானவரே போதும் என்ற இடங்களும் தாராளமாக இருக்கின்றன. தரவை உள்ளிடுவது, நூற்றுக்கணக்கான படங்களை ஒரே அளவுக்கு வெட்டுவது, பழைய பக்கங்களைப் புதுத் தளத்துக்கு மாற்றுவது மாதிரி வேலைகளில் தப்பு நடந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிற்பாடு வரும் மணி அனேகமாக இருக்காது. அங்கே மூன்று மடங்கு கொடுப்பது வீண்.

மணிக்கணக்கே வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளலாமே என்றால், வேலையை முழுதாக எழுதி வைக்க முடிந்தால் தாராளமாகச் செய்யலாம். எழுத முடியாவிட்டால், இழுபறிக்கென்று அவர் முன்கூட்டியே ஒரு தொகையைச் சேர்த்துத்தான் சொல்வார். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் “இது பேச்சில் இல்லையே” என்ற வாதம் நடக்கும். மாதாமாதம் இத்தனை மணி என்று ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு பராமரிப்புக்குப் பொருந்தும். நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒரு மாதம் வேலையே இல்லாமல் போகும்போது என்ன நினைப்பேனோ. டிசைன், மொழிபெயர்ப்பு போன்றவற்றில் என் அனுபவம் மிகக் குறைவு. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் சொல்லுக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். அங்கே பிற்பாடு வரும் மணி என்பது பிழை திருத்துபவரின் மணியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் அந்த வேலையைக் கொடுத்ததில்லை.