ஓ-3 ஃபில்டர்: வெடித்த விண்மீனின் மிச்சத்தைப் பார்க்க வாங்கலாமா?

8 இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி கைக்கு வந்ததும் அடுத்து மனம் போவது, ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) திருகி மாட்டும் 1.25 இன்ச் ஓ-3 ஃபில்டர் மேல்தான். ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி இது. சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள வெய்ல் நெபுலாவுக்கு (நெபுலா என்றால் விண்வெளி வாயு மேகம்) இது கட்டாயம் வேண்டும். ரிஷபத்தில் உள்ள நண்டு நெபுலாவுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். இரண்டும் வெடித்த விண்மீன்களின் மிச்சம்தான். ஒளிரும் விதம்தான் வேறு.

சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனின் நடுவில் கடைசியில் இரும்பு சேரும். இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது. அந்தக் கரு சுமார் 1.4 சூரிய நிறையைத் தாண்டியதும் தன் எடை தாங்காமல் ஒரு நொடிக்குள் இடிந்து விழ, மேலடுக்குகள் சிதறுகின்றன. வெய்லில் அந்த அதிர்ச்சி அலை பத்தாயிரம் ஆண்டுகளாக வழியில் கிடக்கும் வாயுவை மோதிச் சூடாக்கி வருகிறது. அதிலுள்ள ஆக்சிஜன் 495.9, 500.7 நானோமீட்டர் அலைநீளங்களில் பச்சையாக ஒளிர்கிறது. ஃபில்டர் அந்த இரண்டையும் விட்டு மற்றதை மறிப்பதால், வெறுமையாகத் தெரிந்த இடத்தில் நூல் நூலாய் வளைவு எழுந்து வரும். அற்புதமான காட்சி!

நண்டு, 1054இல் சீனர்கள் பதிவு செய்த வெடிப்பு. நடுவில், இடிந்த கரு சுருங்கி உண்டான, நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவியிருப்பதால் ஃபில்டர் அதையும் வெட்டிவிடும். ஃபில்டர் இல்லாமல், காளையின் தெற்குக் கொம்பு நுனியிலிருந்து ஒரு டிகிரி வடமேற்கே தேடுங்கள். ஜனவரி இரவு 9 மணிக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும்.

வெய்லுக்கு, தொலைநோக்கியின் குவியத் தூரம் 1200 மி.மீ. என்றால் 32 மி.மீ. ஐபீஸ் போடுங்கள்: 37 மடங்கு. 10 மி.மீ. போட்டால் மடங்கு கூடி ஒளி பரவி, இருட்டுதான் மிஞ்சும். பலர் ஃபில்டரைக் குறை சொல்வது இதனால்தான். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் விடுங்கள். 52 சிக்னி என்ற விண்மீனை நடுவில் வைத்தால் வெய்லின் மேற்கு வளைவு அதன் வழியே ஓடும். மே மாத விடியலுக்கு முன் நல்ல உயரத்தில் இருக்கும். ஃபில்டரின் மரையை ஐபீஸில் திருகும்போது முதலில் இடப்பக்கம் கால் சுற்று சுற்றிப் பிறகு ஏற்றுங்கள், கோணலாக மாட்டிக்கொள்ளாது.

கோவை, திருப்பூர் மாடிகளில் இது பெரிதாகக் கைகொடுக்காது. வெள்ளை எல்இடி வெளிச்சம் அந்தப் பச்சைப் பகுதியிலும் விழுகிறது. மூலனூர் பக்கத்துக் காட்டு வெளியோ தாளவாடியோ போனால்தான் போட்ட காசுக்குப் பலன். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பொழுதிருக்கவே ஏறிவிடுங்கள்.

ஒரே ஃபில்டருக்குத்தான் பணம், ஓரியன் நெபுலாவையும் அடிக்கடி பார்ப்பீர்கள் என்றால், ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பீட்டா என்ற ஹைட்ரஜன் ஒளியையும் சேர்த்து விடும் யுஹெச்சி ஃபில்டர் வாங்குங்கள்.