எத்தீன் கயிறா, புரப்பீன் கயிறா?

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் கடல்பாசி வளர்க்கும் என் சித்தி இரண்டு சுருள் கயிற்றைத் திண்ணையில் போட்டு, "வேதியியல் பாடம் எடுக்கிறாயே, இதில் எது உழைக்கும், சொல்" என்றார். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. கடைக்காரர் இரண்டையுமே "நைலான்" என்று சொல்லி விற்றிருக்கிறார். வாளியில் கடல்நீர் எடுத்துத் துண்டுகளைப் போட்டோம். இரண்டும் மிதந்தன. நைலானின் அடர்த்தி 1.14, கடல்நீரினுடையது 1.025, நைலான் என்றால் மூழ்கியிருக்கும்.

அடுத்து, கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். அதன் அடர்த்தி 0.92 அளவில் இருக்கும். இழைகளைப் பிரித்து, காற்றுக் குமிழி போகும்வரை விரலால் பிசைந்து உள்ளே விட்டேன். கறுப்பு அடியில் போய் உட்கார்ந்தது: பாலிஎத்திலீன், 0.95. வெள்ளை மெல்ல மேலேறியது: பாலிபுரப்பிலீன், 0.90.

முன்னது எத்தீனிலிருந்தும் பின்னது புரப்பீனிலிருந்தும் பிறந்தவை. இரண்டும் ஆல்கீன்கள், அதாவது கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள். இரட்டைப் பிணைப்பில் சிக்மா, பை என இரண்டு பிணைப்புகள்; பை, சிக்மாவைவிட வலுக்குறைந்தது. அது அறுந்துதான் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. கோத்த பிறகு இரட்டைப் பிணைப்பு மிஞ்சுவதில்லை; எத்தீன் வாயு புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும், கயிறு போக்காது. (தேர்வுத் தாளில் இதை மாற்றி எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.)

வித்தியாசம் எல்லாம் புரப்பீனிலுள்ள ஒற்றை மெத்தில் தொகுதியால் (CH₃) வருகிறது. 1933இல் இங்கிலாந்தில் எத்தீனை உயர் அழுத்தத்தில் வைத்தபோது, எதிர்பாராமல் வெள்ளை மெழுகாகப் பாலிஎத்திலீன் கிடைத்தது. புரப்பீன் அந்த வழிக்கு மசியவில்லை: வளரும் சங்கிலி, மெத்திலில் உள்ள ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். 1953இல் ஜெர்மன் வேதியியலாளர் சீக்லர் கண்ட வினையூக்கியைக் கொண்டு, 1954இல் இத்தாலியரான நட்டா புரப்பீனையும் சங்கிலியாகக் கோத்தார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு. மெத்தில்கள் ஒரே பக்கமாக வரிசை கட்டினால் விறைப்பான இழை. தாறுமாறாக நின்றால் பிசுபிசுப்பான பசை, கயிறு திரிக்க உதவாது.

வரிசை கட்டிய அந்த இழை எடை குறைவு, விறைப்பு அதிகம். உருகுநிலை ஏறத்தாழ 165 டிகிரி, பாலிஎத்திலீனுக்கு 130தான். இதுவரை வெள்ளைக் கயிறு முந்துகிறது. வெயிலுக்கு வந்தால் கதை மாறுகிறது. மெத்திலைத் தாங்கும் கார்பனில் ஒரேயொரு ஹைட்ரஜன் இருக்கிறது. புற ஊதா ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அது எளிதில் கழன்றுவிடும், சங்கிலி துண்டாகும். சித்தி சென்ற ஆண்டு வேலியில் கட்டிய வெள்ளைக் கயிற்றை நகத்தால் நிமிண்டினேன், தூளாக உதிர்ந்தது. அந்தத் தூள் காற்றோடு போகும் இடம் மன்னார் வளைகுடாதான். பாலிஎத்திலீனில் அப்படிப்பட்ட கார்பன்கள் மிகக் குறைவு. கருமைக்காகச் சேர்த்த கார்பன் தூளும் ஒளியை விழுங்கி இழையைக் காக்கிறது.

என் தீர்ப்பு: நீருக்குள் கிடந்து பாசியைச் சுமக்கும் தெப்பக் கயிற்றுக்கு வெள்ளையே சரி, அறுவடை முடிந்ததும் நிழலில் சுருட்டி வைப்பதாக இருந்தால். நாள் முழுக்க மணலில் காயும் வத்தையை (சிறு படகை) கட்டக் கறுப்பு. சித்தி மறுபேச்சுப் பேசாமல் வெள்ளைச் சுருளை எடுத்துப் பரணில் போட்டார். எண்ணெயை மட்டும் வீணாக்கிவிட்டேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.