ஹாங்காங்கில் ஸ்கேல் மாடல் வாங்க: நேதன் சாலைக் கட்டடமும் மாங்காக் மாடிக்கடையும்

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு மார்ச் மாதம் என்றாலே ஹாங்காங் கண்காட்சிதான் நினைவுக்கு வரும். வான்சாய் மாநாட்டு மையத்தில் பகல் முழுவதும் பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தும் விலை பேசியும் கழித்த பிறகு, உடன் வந்தவர்கள் மாலையில் கடைவீதிக்குப் புறப்படுவார்கள். நான் ஸ்கேல் மாடல், அதாவது உண்மையான விமானம், டாங்கி, கப்பல் ஆகியவற்றின் சிறிய மாதிரிகளை விற்கும் கடைகளைத் தேடிப் புறப்படுவேன். இந்த முறை நான் போன இடங்களைப் பற்றி, அந்தப் பக்கம் போக வாய்ப்புள்ள நம்மூர் மாடல் ஆர்வலர்களுக்காக எழுதுகிறேன்.

வேலூரில் லாங் பஜாரையும் சாரதி மாளிகையையும் எத்தனை முறை சுற்றினாலும், வண்ணம் பூசி முடித்த பொம்மைக் கார் கிடைக்குமே தவிர, பாகம் பாகமாக வெட்டியெடுத்து, ராவி, ஒட்டி, நாமே வண்ணம் பூசிச் செய்யும் பிளாஸ்டிக் கிட் எனக்கு ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயமாயிற்று. சிறுவர் விளையாட்டுப் பொருள்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடலும் பொம்மைகளுக்கான தலைப்பின் கீழேயே வருவதால், வரவழைத்து விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கை சுடுகிறது. ஆகவே வெளிநாட்டுப் பயணம் ஒவ்வொன்றிலும் ஒரு மாலைப் பொழுதையாவது இதற்கென்று ஒதுக்கிவைப்பது என் வழக்கமாகிவிட்டது.

இந்த முறை நான் தேடியது ஒரே ஒரு விமானத்தை. என் ஆயா வீடு அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் இருந்தது. 1992இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் திறக்கப்பட்ட பிறகு, ரஷ்யாவில் செய்த டுபோலெவ் டியூ-142 விமானங்கள் எங்கள் தலைக்கு மேல்தான் பறந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு எஞ்சின்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். அந்த அதிர்வு முதலில் கிணற்றடியில் கவிழ்த்துவைத்த பித்தளைக் குடத்தில் கேட்கும், பிறகுதான் வானத்தில் கேட்கும். 2017 மார்ச் 29 அன்று அவை பணி ஓய்வு பெற்றன. ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 50 மீட்டர் என்பதால் 1/72 அளவில், அதாவது உண்மையானதில் 72இல் ஒரு பங்காக, மாடல் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வரும். அதைக் கொண்டுவரவும் முடியாது, வீட்டில் வைக்க இடமும் கிடையாது. 1/144 அளவில் என்றால் 35 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கடையைக் கண்டுபிடிப்பது பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கான பொம்மைக் கடைகளே முன்னால் வருகின்றன. அந்தந்த ஊர்ச் சொல்லைப் போட்டுத் தேடினால்தான் உண்மையான கடைகள் வெளிப்படும். சீன எழுத்தில் மாடல் என்பதற்கு இரண்டே எழுத்துகள்: 模型. ஹாங்காங்கின் கன்டோனிஸ் மொழியில் அதை ‘மோ யிங்’ என்கிறார்கள், ஜப்பானில் அதே இரண்டு எழுத்துகளை ‘மொகெய்’ என்று படிக்கிறார்கள். ஆகவே அவற்றை ஒரு முறை சேமித்துவைத்துக்கொண்டால் இரண்டு ஊர்களுக்கும் உதவும். ஜெர்மனியில் ‘மொடெல்பாவ்’ என்றும் இத்தாலியில் ‘மொடெல்லிஸ்மோ’ என்றும் தேட வேண்டும்.

முதலில் நேதன் சாலையில் உள்ள இன்ஸ் பாயிண்ட் கட்டடத்துக்குப் போனேன். வான்சாயில் மெட்ரோ ஏறி, அடுத்த நிலையமான அட்மிரால்டியில் மாறி, யௌ மா தேயில் இறங்கினால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். மாடிக்கு மாடி அடுக்கிவைத்த சிறு சிறு கடைகள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் லெகோ, குண்டம் ரோபோக்கள், உலோக வார்ப்புக் கார்கள். சேகரிப்பவர்களுக்கு அது பெரிய இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விமானமும் டாங்கியும் கப்பலும் ஒட்டுபவருக்கு அங்கே கிடைப்பது குறைவு. ஒன்றரை மணி நேரம் சுற்றியதில் எனக்குக் கிடைத்தவை ஒரு 1/35 ஜீப்பும் இரண்டு சிறு கப்பல்களும்தான். ஒரே மாலைதான் கையில் இருக்கிறது என்றால் இந்தக் கட்டடத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது கடையைப் பற்றிச் சொல்வதற்கு முன், ஒரு கடையை நான் எதைக் கொண்டு மதிப்பிடுகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நகரம் ஒன்றில், பளபளப்பான பெரிய கடை ஒன்றில், உயர்ந்த விலை கொடுத்து ஒரு கிட் வாங்கினேன். பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்டதற்கு, மேலுறை பிரிந்தால் விற்பனைக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது, விமானி அறையின் கண்ணாடிப் பாகங்களைத் தாங்கிய பிளாஸ்டிக் சட்டமே பெட்டியில் இல்லை. இரண்டு முறை கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. உள்ளூர்க்காரர் மறுநாளே திருப்பிக் கொண்டுபோய்க் கேட்கலாம். பயணம் போனவருக்கு அந்த வழி இல்லை. அதனால் பெட்டியைத் திறந்து காட்டுகிறார்களா, அதன் குறையை வாங்கும் முன்பே சொல்கிறார்களா என்ற இரண்டையும்தான் நான் பார்க்கிறேன். விலையும் கடையின் பரப்பும் எனக்குப் பிறகுதான்.

அந்த வகையில் மாங்காக்கில் ஒரு பக்கத் தெருவில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் கடை என் மனத்துக்கு நிறைவாக இருந்தது. பெயர்ப்பலகை சீன எழுத்தில் மட்டுமே இருக்கிறது; நான் முன்னே சொன்ன அந்த இரண்டு எழுத்துகள்தான் அடையாளம். படிக்கட்டு குறுகல், லிஃப்ட் இல்லை, உள்ளே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஆனால் கூரை வரை அடுக்கிய பெட்டிகளில் ஒன்றுகூடப் பொம்மை இல்லை. ஹாங்காங்கில் 1987இல் தொடங்கிய டிராகன் நிறுவனத்தின் பழைய 1/35 டாங்கிகள் ஒரு சுவர் முழுவதும், சீனாவின் குவாங்டாங்கில் உள்ள டிரம்பெட்டர் நிறுவனத்தின் பெட்டிகள் இன்னொரு சுவர் முழுவதும் இருந்தன.

அறுபதைத் தாண்டிய கடைக்காரரிடம் கைப்பேசியில் டியூ-142 படத்தைக் காட்டினேன். அவர் ஏணி போட்டு ஏறி, மேல் வரிசையின் பின்புறத்திலிருந்து டிரம்பெட்டரின் 1/144 பெட்டியை எடுத்துவந்து, தூசியைத் துணியால் துடைத்து, நான் கேட்காமலே மூடியைத் திறந்தார். ஒவ்வொரு சட்டத்தையும் விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, செய்முறைத் தாளோடு ஒப்பிட்டார். புரொப்பெல்லர்களை மட்டும் விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எட்டு என்று எண்ணினார். நான்கு இதழ் வீதம் முப்பத்திரண்டு இதழ்களில் ஒன்றும் ஒடிந்திருக்கவில்லை. பிறகு மாடலின் மேல் ஒட்டுவதற்கான சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட டெக்கால் தாளை எடுத்து, ஓரம் மஞ்சளாகியிருப்பதைக் காட்டினார். அடுத்து அவர் சொன்னதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன்: இந்தப் பெட்டியில் இருப்பது எம்.ஆர். வகை, நீர்மூழ்கிகளோடு செய்தித் தொடர்பு கொள்வதற்கான விமானம், இந்தியக் கடற்படையிடம் இருந்தது நீர்மூழ்கிகளைத் தேடும் வகை, ஆகவே வயிற்றுப் பகுதியில் இருக்க வேண்டிய ரேடார் குமிழ் இதில் இருக்காது, நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்றார். இவ்வளவும் விற்பதற்கு முன். 230 ஹாங்காங் டாலர் விலையில் டெக்காலுக்காக 30 டாலரைக் குறைத்துக்கொண்டார். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது என்பதால், சொன்ன தொகைக்கு மேல் எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. ரொக்கம் மட்டுமே வாங்குகிறார். பிற்பகலில்தான் கடை திறக்கிறது; காலையில் போய் ஏமாந்த பிறகே எனக்கு அது தெரிந்தது. கருவிகள் மிகக் குறைவு.

கருவிகளுக்கு டோக்கியோ அகிஹாபராவில் உள்ள யோதோபாஷி என்ற பெரிய கடையின் ஆறாம் மாடிக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. பாகங்களை வெட்டியெடுக்கும் நிப்பரில் மட்டும் அத்தனை வகைகள், அரத்தாளிலும் ஒட்டுநாடாவிலும் அப்படியே. பழைய, உற்பத்தி நின்றுபோன கிட்டுகளைத் தேடுபவருக்கு அது உரிய இடமல்ல. புதிதாக வந்தவற்றுக்கும் கருவிகளுக்கும் அங்கே போகலாம். ஆனால் எந்த ஊரிலானாலும் லாக்கர் வண்ணங்களையும் தின்னரையும் பசையையும் வாங்கிவிட வேண்டாம். அவை தீப்பற்றக்கூடியவை என்பதால் கைப்பையிலும் சரி, சரக்குப் பையிலும் சரி, விமானத்தில் அனுமதி இல்லை. கத்தியும் நிப்பரும் சரக்குப் பையில்தான் போக வேண்டும்.

பெட்டியைப் பிரித்து அட்டையைத் தட்டையாக்கி, சட்டங்களைச் சட்டைகளுக்கு நடுவே வைத்து, டெக்காலையும் செய்முறைத் தாளையும் இரண்டு தோல் மாதிரி அட்டைகளுக்கு இடையில் செருகிக் கொண்டுவந்தேன். ஒரு பாகமும் உடையவில்லை. டெக்காலில் உள்ள ரஷ்ய நட்சத்திரங்கள் எனக்குத் தேவையில்லை. சிறு எச்சரிக்கை வரிகளுக்காகத்தான் அந்தத் தாள் வேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். மஞ்சளை வெளுக்க மாடல் செய்பவர்கள் வழக்கமாகச் செய்வது இது. நம்மூர் வெயிலில் இரண்டு வாரத்தில் ஓரங்கள் வெளுத்துவிட்டன. ரேடார் குமிழுக்கு மாத்திரைப் பட்டைகளின் குமிழ்களை ஒவ்வொன்றாக விமானத்தின் வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தங்கை மகனும் நேற்று அவனுடைய பாட்டியிடமிருந்து ஒரு பட்டை வாங்கிவந்து, “மாமா, இது சரியா இருக்குமா பாருங்க” என்று கொடுத்துவிட்டுப் போனான். அளவு கொஞ்சம் பெரியது. ஆனால் வளைவு சரியாக இருக்கிறது.