தரைச் சூட்டுக்கு புரோகிராம் தெர்மோஸ்டாட்: பல குளிர்காலங்கள் பயன்படுத்திய பிறகு

தரைக்கடியில் ஹீட்டிங் கேபிள் பதித்து, அதை வாரம் முழுவதற்கும் நேர அட்டவணை போடக்கூடிய தெர்மோஸ்டாட்டால் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவி) இயக்கும் அமைப்பை எங்கள் வீட்டில் பல குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இந்தக் கருவியை வாங்கப் போகிறவர்கள் தொடுதிரை, செயலி, வைஃபை வசதி இவற்றைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இத்தனை காலம் பயன்படுத்திய பிறகு நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை: தரைக்குள் போகும் சென்சார் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது, அந்தத் தரை சூடேற எவ்வளவு நேரம் எடுக்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண பொத்தான் மாடலே போதும். இவை சரியில்லாமல் போனால் எவ்வளவு நல்ல செயலியாலும் ஈடுகட்ட முடியாது.

எங்களிடம் இரண்டு வகைத் தரை இருக்கிறது. குளியலறையில் டைல்ஸுக்கு நேர் கீழே, பசை அடுக்குக்குள், 4 சதுர மீட்டர் ஹீட்டிங் மேட், அதாவது வலையில் கேபிளை வரிசையாகக் கோர்த்த விரிப்பு. ஒரு சதுர மீட்டருக்கு 150 வாட் என்பதால் மொத்தம் 600 வாட். மேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே மெல்லிய இன்சுலேஷன் போர்டு உண்டு. கூடத்தில் அப்படியில்லை, கேபிள் தடிமனான சிமெண்ட் பூச்சுக்குள் புதைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மாடல் தெர்மோஸ்டாட்தான். ஆனால் இரண்டிலும் போட்டிருக்கும் அட்டவணைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பொருத்தும் வேலை. மெயின் லைன் இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் செய்தார், இதில் வேறு யோசனையே வேண்டாம். இந்த வகை தெர்மோஸ்டாட்டுகளில் பெரும்பாலானவை 16 ஆம்பியர் ரிலே (மேட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் உள் சுவிட்ச்) கொண்டவை. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3,680 வாட். 150 வாட் மேட் என்றால் ஏறத்தாழ 24 சதுர மீட்டர் வரை நேரடியாகத் தாங்கும். ஆனால் ரிலேயை எப்போதும் அதன் எல்லையிலேயே ஓட்டுவது நல்லதல்ல. பெரிய பரப்புக்கு நடுவில் ஒரு காண்டாக்டர் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனிச் சுவிட்ச்) வைத்து, தெர்மோஸ்டாட் அதை மட்டும் இயக்கும்படி செய்வதுதான் நீண்டநாள் உழைக்கும் வழி. இந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு கட்டாயம் இருக்க வேண்டும். குளியலறைத் தரை என்றால் தெர்மோஸ்டாட்டை அறைக்கு வெளியே, தண்ணீர் படாத சுவரில் வைக்க வேண்டும். எங்களுடையது கதவுக்கு வெளியேதான் இருக்கிறது.

மேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மல்டிமீட்டரில் அதன் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். 600 வாட் மேட் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 88 ஓம் காட்ட வேண்டும். விரித்து முடித்ததும் ஒருமுறை, டைல்ஸ் ஒட்டியதும் ஒருமுறை என்று மூன்று கட்டத்திலும் அளந்து எழுதி வையுங்கள். கேபிளுக்கும் எர்த்துக்கும் இடையிலான இன்சுலேஷனையும் மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் போடுபவரின் கரண்டி முனை கேபிளில் லேசாகப் பட்டிருந்தால் இந்தச் சோதனையில்தான் தெரியும். பசை ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் ஒரு டைலோடு போகும், காய்ந்த பிறகு தெரிந்தால் தரையையே உடைக்க நேரும். மேட்டை வளைத்துத் திருப்பும் இடங்களில் வலையை மட்டும்தான் வெட்டலாம். கேபிளை வெட்டவோ குறுக்கவோ கூடாது, ஏனென்றால் நீளம் குறைந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைந்து, கேபிள் தாங்க வேண்டியதைவிட அதிக சூடாகும்.

இனி சென்சார். தரை சென்சார் என்பது வயரின் நுனியில் இருக்கும் ஒரு சிறு என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு கூடக்கூட அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். அதிகம் புழங்குவது 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும் வகை. அது 20 டிகிரியில் ஏறத்தாழ 12.5, 30 டிகிரியில் ஏறத்தாழ 8 கிலோஓம் காட்டும். 12, 15 கிலோஓம் வகைகளும் உண்டு, எந்த வகை என்று தெர்மோஸ்டாட்டின் மெனுவில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 12 கிலோஓம் சென்சாரை 10 கிலோஓம் எதிர்பார்க்கும் கருவியில் மாட்டினால், தரை உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டு சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். டைல்ஸ் தாங்கிக்கொள்ளலாம், மரத்தரை தாங்காது.

சென்சாரை எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் இந்த முழு வேலையிலும் நான் மிக அதிகமாக வலியுறுத்துவது. அதை நேராகப் பசைக்குள் புதைக்கவே கூடாது. சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் பெட்டியிலிருந்து தரைக்குள் ஒரு மெல்லிய பைப் இறங்க வேண்டும். சூடாகும் பகுதிக்குள் ஓரிரு அடி நுழைந்து, இரண்டு கேபிள் வரிசைகளுக்குச் சரியாக நடுவில் முடிய வேண்டும். ஒரு வரிசையை ஒட்டி வைத்தால் தரை சூடாவதற்கு முன்பே கருவி நின்றுவிடும். பைப்பின் தரைப்பக்க நுனியைப் பசை புகாதபடி அடைக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் பைப் மடங்காமல் தாராளமாக வளைய வேண்டும். டைல்ஸ் போடுவதற்கு முன் சென்சாரை ஒருமுறை உள்ளே தள்ளி, வெளியே இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால்தான் பைப் மூடத் தயார். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். மின்வயருக்குத் தனிப் பைப் விடுங்கள், இரண்டும் ஒன்றாகப் போனால் சென்சார் அளவு குழம்பும்.

அந்தப் பைப்பின் அருமை எங்களுக்குப் பின்னால் புரிந்தது. ஒரு குளிர்காலத்தின் நடுவில் கூடத்துத் திரையில் சென்சார் பிழை வந்தது, தரை சூடேறுவது நின்றுவிட்டது. மெயினை அணைத்து, சென்சார் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் எந்த அளவும் வரவில்லை, உள்ளே வயர் அறுந்திருந்தது. பழையதை இழுத்து எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள புதிய சென்சாரைப் பைப்புக்குள் விட்டோம். ஒரு டைலும் அசையவில்லை, அன்று மாலையே தரை சூடாகிவிட்டது. பைப் இல்லாமல் பதித்திருந்தால் இரண்டே வழிதான். டைலை உடைக்க வேண்டும், அல்லது காற்று சென்சாரை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும்.

இணைப்புகளில் சிக்கல் எதுவும் இல்லை. வருகிற ஃபேஸ், நியூட்ரல் ஒரு பக்கம், மேட்டுக்குப் போகிறவை இன்னொரு பக்கம், சென்சாரின் இரண்டு வயர்களுக்கு எது எங்கே என்ற கட்டாயம் இல்லை. எர்த்துக்குப் பல மாடல்களில் முனையே இருக்காது. மேட்டின் எர்த் வயரைப் பெட்டிக்குள்ளேயே கனெக்டர் வைத்து வீட்டின் எர்த்தோடு சேர்க்க வேண்டும், அதை அப்படியே தொங்கவிடக் கூடாது. இத்தனை வயரும் மடங்கி உட்கார வேண்டும் என்பதால் சுவரில் ஆழமான பெட்டியாக வையுங்கள். இழைகள் கொண்ட வயர் நுனிகளுக்கு ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு முனைத் திருகுகளை இறுக்குங்கள். ஒவ்வொரு குளிர்காலம் தொடங்குமுன்னும் மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்தத் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறோம். மணிக்கணக்கில் மின்சாரம் பாயும் முனை தளர்ந்தால் அதுவே சூடேறத் தொடங்கும்.

டைல்ஸ் போட்டவுடன் சூடு போட்டுப் பார்க்க ஆசை வரும். பசையும் சிமெண்ட்டும் தன் இயல்பில் காய வேண்டும். பசைக்கு எத்தனை நாள் என்று அதன் பையிலேயே எழுதியிருக்கும். சிமெண்ட் பூச்சுக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும் அமைப்புகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1264, முதல் சூட்டுக்கு 21 நாட்கள் காத்திருக்கச் சொல்கிறது. அதன் பிறகும் ஒரேயடியாக ஏற்றாமல், சில நாட்கள் குறைந்த சூட்டில் ஓட்டச் சொல்கிறது. கூடத்தில் நாங்கள் அதே நிதானத்தைத்தான் கடைப்பிடித்தோம்.

செட்டிங்கில் முதல் கேள்வி, கருவி எதைப் பார்த்து ஓட வேண்டும் என்பது. தரை சென்சார் மட்டும், காற்று சென்சார் மட்டும், காற்றைப் பார்த்து ஓடித் தரைக்கு உச்சவரம்பு வைப்பது என்று மூன்று முறைகள். குளியலறைக்குத் தரை முறைதான் சரி. அங்கே வேண்டியது பாதத்துக்குச் சூடு, தெர்மோஸ்டாட்டும் அறைக்கு வெளியே இருக்கிறது. கூடத்தை முழுக்கத் தரைதான் சூடாக்குகிறது என்றால் மூன்றாவது முறை. காற்று முறையை மட்டும் வைத்து வரம்பில்லாமல் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஜன்னல் திறந்திருக்கும் ஒரு குளிர் இரவில் காற்று சூடாகவே ஆகாது, தரை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வரம்பு எவ்வளவு? ஈ.என். 1264 மக்கள் புழங்கும் பகுதியின் மேற்பரப்புக்கு 29 டிகிரி, குளியலறைக்கு 33 டிகிரி, வெளிச்சுவரை ஒட்டிய ஓரப்பகுதிக்கு 35 டிகிரி என்று வைத்திருக்கிறது. மரத்தரைக்கும் லேமினேட்டுக்கும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 27. சென்சார் டைலுக்கு அடியில் இருப்பதால், கேபிள் ஓடும்போது திரை காட்டும் எண் மேலே கால் படும் சூட்டைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். திரையில் 28 என்று பார்த்துவிட்டு இவ்வளவு எதற்கு என்று குறைக்க வேண்டாம், வெறுங்காலால் நின்று முடிவு செய்யுங்கள். எங்கள் குளியலறை 28-ல்தான் நிற்கிறது.

அடுத்து அட்டவணை. டைலுக்கு நேர் கீழே இருக்கும் மேட், இன்சுலேஷனும் இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் காலுக்குத் தெரியும்படி சூடாகிவிடும். தடித்த சிமெண்ட்டுக்குள் இருக்கும் கேபிளுக்குச் சில மணி நேரம் வேண்டும். நிறுத்திய பிறகும் இதே வேறுபாடுதான். கூடத்துத் தரை அடிகனமான மண்பானை மாதிரி, மெதுவாகச் சூடேறி, அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். ஆகவே குளியலறையில் காலையும் இரவும் ஏற்றி இடையில் நன்றாக இறக்குவது லாபம். கூடத்தில் இரவுக்கு 2 அல்லது 3 டிகிரிக்கு மேல் இறக்குவதில் பயனில்லை. அதற்கு மேல் இறக்கினால் காலையில் மீண்டும் ஏறுவதற்குள் எல்லோரும் வெளியே போய்விடுவோம். தடித்த தரையில் அணைக்கும் நேரத்தையும் முன்னால் தள்ளலாம். நாங்கள் உறங்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கூடத்துச் சூடு குறைந்துவிடுகிறது, யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

உங்கள் தரையின் நேரத்தை நீங்களே அளக்கலாம். ஒரு விடுமுறை நாளில் தரை ஆறியிருக்கும்போது தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை தரை அளவைக் குறித்துக்கொண்டே வாருங்கள். வேண்டிய சூட்டை எட்ட எவ்வளவு ஆனது என்பதுதான் உங்கள் அட்டவணைக்கு அடிப்படை.

இங்கே பலர் குழம்பும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய தெர்மோஸ்டாட்டுகளில் முன்கூட்டியே தொடங்கும் வசதி இருக்கிறது. தரை சூடாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கருவியே சில நாட்களில் கற்றுக்கொண்டு, அதற்கேற்ப முன்னால் ஓடத் தொடங்கும். அதை இயக்கியிருந்தால், 6 மணிக்குத் தரை சூடாக வேண்டும் என்றால் 6 என்றே போடுங்கள். 5 என்று போட்டால் கருவி 4 மணிக்கே எழுந்துவிடும். அதை அணைத்திருந்தால் மட்டும்தான் முன்னேரத்தைப் போட வேண்டும். கற்றுக்கொள்ளும் வாரத்தில் அட்டவணையைத் தொடாமல் விடுங்கள். ஜன்னல் திறந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சூட்டை நிறுத்தும் வசதியும் பல கருவிகளில் உண்டு. 2018 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1188 விதிமுறை மின்சார அறைச் சூடாக்கிகளின் திறனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தபோது, இத்தகைய வசதிகளுக்கும் மதிப்புக் கொடுத்தது. கூடத்தில் அது பயனுள்ளது. குளிர்காற்று அடிக்கடி நுழையும் வாசலருகே கருவி இருந்தால் தேவையில்லாமல் நிற்கும், அப்போது அணைத்துவிடலாம்.

காற்று சென்சார் கருவிக்குள்ளேயே இருப்பதால் இரண்டு தொல்லைகள் உண்டு. அதிக லோடில் ரிலே சூடாகி, அறை உண்மையைவிட ஓரிரு டிகிரி அதிகமாகத் தெரியும். சுவருக்குள் இருக்கும் பைப் வழியாகக் குளிர்காற்று பெட்டிக்குள் வந்தால் இதற்கு நேர்மாறாகக் காட்டும். பைப் வாயைப் பஞ்சு வைத்து அடைத்த பிறகு, தனித் தெர்மாமீட்டரை அருகில் தொங்கவிட்டு, வேறுபாட்டை மெனுவில் திருத்திக்கொள்ளுங்கள். அடைக்காமல் திருத்தினால் காற்றடிக்கும் நாளுக்கு ஓர் அளவு, மற்ற நாளுக்கு ஓர் அளவு என்றாகிவிடும்.

மின்செலவைத் தெரிந்துகொள்ள ரிலே ஓடிய மணிக்கணக்கைப் பார்க்கிறேன். 600 வாட் மேட் மொத்தம் 3 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். அட்டவணை ஆன் காட்டும் நேரமும் ரிலே ஓடும் நேரமும் ஒன்றல்ல, சூடு எட்டியதும் ரிலே விட்டுவிட்டுத்தான் ஓடும். தடித்த கம்பளம் விரித்தாலோ, காலில்லாத அலமாரியை மேலே வைத்தாலோ சூடு அடியில் தேங்கும். சென்சார் இருக்கும் இடத்தை மூடினால் கருவி சீக்கிரம் நின்று அறையின் மற்ற பகுதி ஆறிப்போகும்.

வைஃபை எங்களுக்குப் பயன்பட்டது ஊரிலிருந்து திரும்பும் நாட்களில் மட்டும்தான். பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணையும். வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: இணையம் நின்றாலும் அட்டவணை கருவிக்குள்ளிருந்தே ஓட வேண்டும். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் நேரத்தை மறக்கிறதா என்றும் பாருங்கள். நேரம் தவறினால் நடுப்பகலில் குளியலறை சூடாகிக்கொண்டிருக்கும். கோடையிலும் நாங்கள் மெயினை அணைப்பதில்லை, சூட்டை மட்டும் நிறுத்தி வைக்கிறோம், கடிகாரம் அப்படியே ஓடுகிறது.

புதிதாகத் தரை போடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. முடிந்தால் இரண்டாவது சென்சார் பைப்பையும் விட்டு வையுங்கள். மூன்று கட்டத்திலும் அளந்த ரெசிஸ்டன்ஸ் எண்கள், சென்சாரின் வகை, டைல்ஸ் மூடும் முன் எடுத்த தரையின் புகைப்படம், மூன்றையும் ஒரே உறையில் போட்டு மின்பெட்டிக்குள் வையுங்கள். இன்னொரு நாள் தெர்மோஸ்டாட்டை மாற்ற வருகிறவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.