கோர்சிவாவா, சாப்ஃப் சான்சரியா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்துக்குக் கையெழுத்து மாதிரி சாய்வெழுத்து கேட்டால் பெரும்பாலும் மோனோடைப் கோர்சிவா என்ற கணினி எழுத்துருதான் கிடைக்கும், எம்எஸ் ஆபீஸோடு வந்துவிட்டதே. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தணிக் கலைஞரான அர்ரிகியின் பாணியில் பேட்ரிஷியா சாண்டர்ஸ் வடிவமைத்தது. பெரிய எழுத்துகளில் வால் நீளம். பெயரின் முதலெழுத்துக்கு அழகுதான், ஆனால் மாப்பிள்ளை பெயர் முழுவதையும் அப்படியே பெரிய எழுத்தில் அடித்தால் வாலும் வாலும் சிக்கிக்கொண்டு யார் கல்யாணம் என்றே தெரியாது, தயவுசெய்து வேண்டாம்.

ஹெர்மன் சாப்ஃப் 1979இல் வடிவமைத்த சான்சரி எழுத்துரு கொஞ்சம் அடக்கமானது. பட்டை நிப் பேனாவில் எழுதியதுபோலத் தடிப்பும் மெலிவும் தெளிவாகத் தெரியும், லைட் முதல் போல்டு வரை தடிமனும் உண்டு. தங்க மையில் ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் மெல்லிய கோடு விட்டுப்போகும், அங்கே மீடியம் கைகொடுக்கும். அதனால் என் ஓட்டு சான்சரிக்கு. மண்டப முகவரிக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம், சாதாரண நேரெழுத்து போதும்.