பூனை இருக்கும் வீட்டில் முயல்: கூண்டா, தடுப்பா, தனி அறையா?

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவை பூனைகள். துரை, செல்லாயி என்று இரண்டு. மூன்று வருஷம் கழித்து, கொடைக்கானல் பக்கத்து மன்னவனூரில் முயல் வளர்க்கும் ஒருவரிடமிருந்து மொச்சை என்ற முயலை வாங்கி வந்தோம். சாம்பல் நிற சோவியத் சின்சில்லா. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் மன்னவனூரில் இருப்பதால், அந்தப் பக்கம் இந்த இனமும் வெள்ளை ஜெயண்டும் பழகிப்போன பெயர்கள். கறிக்கு வளர்ப்பவர்கள்தான் அதிகம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த என்னைப் பார்த்து கண்டக்டர், "கொழம்பு வைக்கவா, கொஞ்சவா?" என்றார்.

வெளியே கொட்டகை போடும் பேச்சை அன்றைக்கே விட்டுவிட்டோம். கொடைக்கானலில் எங்கள் தெருவில் நாயும் கீரியும் நடமாடும். போதாததற்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, மூடுபனி. முயல் குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. ஆக, வீட்டுக்குள்தான், அதாவது பூனைகளோடுதான். அதற்கு இருக்கும் நாலு வழியையும் நாங்கள் செய்து பார்த்தாயிற்று. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அடம்பிடிக்கவில்லை. ஆனாலும் என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தனி அறை, அதுவும் கம்பிவலைக் கதவு போட்டது.

ஹாலில் கூண்டு வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான். மூன்றடி நீளக் கம்பிக் கூண்டு, பூனையால் திறக்கமுடியாத கொக்கி. முதல் நாள் சாயங்காலம் துரை கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாலை மட்டும் கம்பி வழியே உள்ளே தொங்கவிட்டான். அவனுக்கு அது ஒரு திண்ணை. கீழே மொச்சை மூலையில் ஒடுங்கி, காதுகளை முதுகோடு ஒட்டவைத்து, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தாள். சதா ஆடிக்கொண்டிருக்கும் மூக்குகூட நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் வைத்த புல் வைத்தபடி இருந்தது. ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் புழுக்கை போடுகிற பிராணி, எண்ணிப் பார்த்தால் ஏழு.

முயலுக்குப் பயம் வந்தால் முதலில் அடிவாங்குவது குடல். அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நிலைமை. பூனை நகத்தை நீட்டவே வேண்டாம், முறைத்துக்கொண்டிருந்தால் போதும். எங்கள் அத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அது கண்ணு இது மேலயே இருக்குல்ல, பெறகு எப்படித் திங்கும்?" என்றார். படித்துத் தெரிந்துகொண்டதைவிட அது சுருக்கமாக இருந்தது.

ஒற்றை அறை வீடு, கூண்டை விட்டால் வழியில்லை என்கிறவர்களும் இருப்பார்கள். அப்படியென்றால் மூன்று பக்கத்தையும் பலகையாலோ கம்பளியாலோ மூடிவிடுங்கள். மதுரையில் இதைச் சொல்லமாட்டேன், 30 டிகிரியைத் தாண்டினால் முயல் துவண்டுவிடும். மலையில் அந்தக் கவலை இல்லை. உள்ளே இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று. தரை கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், பலகை போட்டு மேலே சாக்கு விரிக்கவேண்டும். பூனைகளை வேறெங்காவது அடைத்துவிட்டு தினமும் மூன்று நாலு மணி நேரமாவது வெளியே விடவேண்டும். இத்தனையும் செய்தால் கூண்டு பரவாயில்லை.

அடுத்து, ஹாலின் மூலையை வளைத்து மூன்றடி உயரக் கம்பித் தடுப்பு வைத்தோம். மொச்சைக்கு நல்ல காலம் வந்த மாதிரிதான் இருந்தது. ஓடினாள், பின்னங்காலில் நிமிர்ந்து நின்றாள், காற்றில் உடம்பை முறுக்கித் துள்ளினாள். கூண்டில் இதெல்லாம் நடக்காது. ஆனால் மூன்றடி என்பது முயல் வெளியே வராமல் இருக்கத் தேவையான உயரம். பூனைக்கு அது ஒரு படிக்கட்டு. நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே செல்லாயி ஓட்டம்கூட எடுக்காமல் உள்ளே இறங்கிவிட்டாள். இப்போது முயலால் தப்பி ஓடவும் முடியாது. மேலே வலை கட்டி மூடலாம்தான், தினமும் குனிந்து நுழைந்து கூட்டுகிறவருக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. கம்பி இடைவெளி ஓரங்குலத்துக்கு மேல் இருந்தால் பூனையின் கை உள்ளே போகும். சின்னக் கீறல்தானே என்று விடமுடியாது. பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி கடியில் இறங்கினாலும் சரி, நக்கிய நகம் வழியே வந்தாலும் சரி, முயலுக்குச் சீழ் கட்டும். அன்றைக்கே மருந்து வேண்டும்.

தடுப்பு ஒரு வாரம்கூட ஓடவில்லை. சாமான் அறையைக் காலி செய்தோம்.

அங்கே முதல் பாடம் கதவுப்பிடி. கீழே அழுத்தித் திறக்கும் மாதிரிப் பிடியில் துரை தொங்கிப் பழகி இரண்டே நாளில் திறந்துவிட்டான். சரி, தாழ்ப்பாள் போட்டோம். மரக்கதவைச் சாத்தி வைத்தால் காற்று அடைத்துப்போய் மூத்திர நெடி மூக்கில் ஏறியது. மழைக்காலத்தில் ஜன்னலும் மூடியே கிடக்கும், அந்த நெடி முயலின் மூச்சைக் கெடுத்துவிடும். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு, மரச்சட்டத்தில் அரை அங்குல வெல்டு மெஷ் அடித்துக் கதவு செய்தோம். கீழே ஒன்றரை அடிக்கு மட்டும் பிளைவுட். அந்த ஒன்றரை அடிதான் எல்லாவற்றையும் மாற்றியது. பூனைகளைப் பார்க்கவேண்டும் என்றால் மொச்சை எழுந்து நின்று வலையில் மூக்கை வைக்கிறாள். வேண்டாம் என்றால் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து புல்லைக் கடிக்கிறாள். துரைக்குக் காதுநுனிதான் தெரியும். முதல் வாரம் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தவள், மூன்றாம் வாரம் துரை அந்தப் பக்கம் படுத்திருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து தூங்கினாள்.

மலைவீட்டுக்குத் தனி அறை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியில் பூனைகள் ஹீட்டரை விட்டு நகராது. மொச்சையோ ஜன்னலோரச் சிமெண்ட் தரையில் காலை நீட்டிப் படுப்பாள். இரண்டுக்கும் ஒரே அறையில் தோதான சூடு கிடையாது.

குறையும் இருக்கிறது. காய்ந்த புல் பனியில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைக் கொடுக்கக்கூடாது. சமையலறைப் பக்கம் உலர்வாக மூட்டையை வைத்தால் செல்லாயி அதன் மேல் குடித்தனம் நடத்துகிறாள். அறையில் ஓடிய ஒயர் ஒன்றை மொச்சை கத்தரித்துவிட்டாள், நல்லவேளை மின்சாரம் இல்லாத நேரம். முயல் கூட்டமாக வாழும் பிராணி வேறு, அறையில் விட்டுவிட்டு மறந்துவிடக்கூடாது. சாயங்காலம் யாராவது போய்த் தரையில் உட்காரவேண்டும். என் வீட்டுக்காரர் செய்தித்தாள் படிப்பது இப்போது அங்கேதான்.

கடைசி வழி, எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுவது. பூனை முயலை நக்கும் வீடியோ பார்த்து ஆசைப்படுகிறவர்கள் முயலின் எடையைக் கேட்டுக்கொள்ளவேண்டும். மொச்சை மூன்றரைக் கிலோ, துரையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு தடவை அவனை அவள் ஹால் முழுக்கத் துரத்தியிருக்கிறாள். கீழே ஊர்களில் கடையில் விற்கும் உள்ளங்கை அளவுக் குட்டி என்றால் பூனைக்கு அது எலி மாதிரிதான், அந்த வீட்டில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். நாங்கள் விடுவது ஒரு மணி நேரம், இரண்டு பேர் கூட இருக்கும்போது மட்டும். துரை பதுங்கி, வால்நுனி துடித்து, பிட்டத்தை ஆட்ட ஆரம்பித்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. முயல் ஓடினால் பூனைக்குத் துரத்தத் தோன்றும், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. அப்புறம், ஆபரேஷன் செய்யாத ஆண் முயல் பூனை மேலேயே ஏறப் பார்க்கும், சோபாவெல்லாம் மூத்திரம் பீய்ச்சும்.

ஒன்றாக விடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயத்தைப் பலரும் சொல்வதில்லை. தெள்ளுப்பூச்சிக்குப் பூனையின் கழுத்தில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும். பூனைக்கு ஒன்றும் ஆகாது, முயலுக்கு அது விஷம். பூனையின் கழுத்தை முயல் நக்கினாலே போதும். கட்டியாக இறுகும் பூனை மணலும் அப்படித்தான், முயல் அதைத் தின்றுவைத்தால் குடல் அடைத்துக்கொள்ளும், அதற்கு வாந்தி எடுக்கவும் வராது.

வாடகை வீட்டில் கதவு மாட்டுவது எப்படி என்று கேட்பீர்கள். நானும் தயங்கித்தான் வீட்டுக்காரம்மாவிடம் போனேன். வந்து பார்த்தார், வலையைத் தட்டினார், உள்ளேயிருந்து மொச்சை எழுந்து நின்று அவரைப் பார்த்தாள். "நல்ல மரம் போட்ருக்கீங்க. காலி பண்ணும்போது கதவ விட்டுட்டு முயல மட்டும் கொண்டு போங்க" என்றார்.