எக்ஸ் கார்டு: எழுத்து வழி ரோல்பிளேக்கு ஒத்துவருமா?

விளையாட்டு வடிவமைப்பாளர் ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரோல்பிளே, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிச் சேர்ந்து கதை நடத்தும் ஆட்டம், ஆடுபவர்களுக்காக வந்தது. எக்ஸ் போட்ட அட்டையை நடுவில் வைப்பார்கள், கதை யாருக்காவது ஒவ்வாத பக்கம் போனால் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இலவசம் வேறு. ஆன்லைனில் எழுதி ஆடும் நாங்கள் எக்ஸ் என்று தட்டிவிடுகிறோம்.

ஒரு மரணப் படுக்கைக் காட்சியில் நானே தட்டினேன். யாரும் துருவவில்லை, காட்சியை வெட்டிவிட்டு அடுத்த நாள் காலையிலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். அந்த நிம்மதிக்கே நாலு நட்சத்திரம்.

குறை? எக்ஸ் வருவதற்குள் எதிராளி மூன்று பத்தி எழுதித் தள்ளியிருப்பார், படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாதே. அதனால் இதை மட்டும் நம்பி இறங்காமல், ரோல்பிளே ஆட்டங்களை வடிவமைப்பவரான ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த கோடு, திரை முறையையும் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோடு போட்ட விஷயம் கதையில் வரவே கூடாது. திரை என்றால் நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் நகர்ந்துவிட வேண்டும். எங்கள் குழுவில் சித்திரவதை திரைக்குப் பின்னால், குழந்தைகள் மீதான வன்முறைக்குக் கோடு.

அப்புறம், எக்ஸ் தட்டியவரிடம் தனியாகப் போய் "என்னாச்சு?" என்று நோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கறைதான், ஆனாலும் வேண்டாம்.